பக்கிங்காம் கால்வாய்க் கரையிலேயே மரக்காணம் வரை நடக்க முடியுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். பழைய நில வரைபடம் ஒன்றில் சென்னையிலிருந்து தெற்கே கடலோரமாகவே ஓடும் நீலக்கோடு ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள், அது பக்கிங்காம் கால்வாய் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதன் கரையைப் பிடித்தபடியே ஒரு வாரத்தில் மரக்காணம் வரை நடந்து முடிக்கலாமா, போனால் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கரையிலேயே முழுதும் நடக்க முடியுமா என்றால் முடியாது. மிச்சம் இருக்கிறதா என்றால் நிறைய இருக்கிறது, ஆனால் நீங்கள் தேடப்போகும் இடத்தில் இருக்காது. இந்த இரண்டாவதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும்.

நான் கட்டுமானப் பொறியாளன். நீர்நிலைகளை அளந்து வரைபடம் போடும் வேலையில் பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. இந்தக் கால்வாயின் சில துண்டுகளைச் சம்பளத்துக்காக நடந்தேன், மீதியை ஞாயிற்றுக்கிழமைகளில் என் கிறுக்குக்காக நடந்தேன். வரலாற்று ஆய்வாளன் இல்லை. அதனால் வருடங்களைக் குறைவாகத்தான் சொல்வேன், மண்ணையும் செங்கல்லையும் பற்றிக் கூடுதலாகப் பேசுவேன்.

நீளத்திலேயே ஒரு குழப்பம் உண்டு, அதை முதலில் ஒதுக்கிவிடலாம். 796 கிலோமீட்டர் என்று ஒரு கணக்கு இணையத்தில் சுற்றுகிறது, 420 கிலோமீட்டர் என்று இன்னொன்று. பெரிய எண்ணில் கிருஷ்ணா, கோதாவரி டெல்டாவின் பாசனக் கால்வாய்களும் காக்கிநாடா வரை சேர்ந்துவிடுகின்றன. அவை நன்னீர்க் கால்வாய்கள், அணையிலிருந்து வயலுக்குப் போக வெட்டியவை. பக்கிங்காம் என்ற உப்புநீர்க் கால்வாய் ஆந்திராவின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரைதான். அதில் ஏறத்தாழ 257 கிலோமீட்டர் ஆந்திராவிலும் 163 கிலோமீட்டர் தமிழ்நாட்டிலும் கிடக்கிறது. நீங்கள் கேட்கும் தெற்குப் பகுதி மட்டும், அடையாற்றிலிருந்து கணக்கிட்டால், நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

இதை ஒரே ஆள் ஒரே திட்டத்தில் வெட்டியதாக நினைத்துப் போனால் தரையில் எதுவும் புரியாது. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் நடுவே ஒரு துண்டு வந்தது. பேசில் கோக்ரேன் என்பவர் வெட்டியதால் கோக்ரேன் கால்வாய் என்றே அதற்குப் பெயர். பிறகு பல பத்தாண்டுகளில் வடக்கே பழவேற்காட்டைத் தாண்டியும், தெற்கே மரக்காணம் நோக்கியும் நீட்டிக்கொண்டே போனார்கள். ஆனால் ஊருக்கு நடுவே கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையில் சுமார் 8 கிலோமீட்டர் துண்டுபட்டே கிடந்தது. தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78இல், பஞ்ச நிவாரண வேலையாக அதை வெட்டினார்கள். சோற்றுக்காக மண் சுமந்த கூட்டம் இணைத்த அந்தத் துண்டோடு அப்போதைய சென்னை கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் முழுக் கால்வாய்க்கும் வந்து ஒட்டிக்கொண்டது. மண் சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் எந்தப் பாலத்திலும் இல்லை, அது வேறு கதை.

இப்போது நடப்பது ஏன் முடியாது என்பதற்கு வருகிறேன். கால்வாய் வெட்டியவர்கள் புத்திசாலிகள், செலவைக் குறைக்கத் தெரிந்தவர்கள். கடலோரத்தில் ஏற்கனவே உப்பங்கழிகள் வரிசையாகக் கிடந்தன. ஒரு கழிக்கும் அடுத்த கழிக்கும் நடுவிலிருந்த மேட்டை மட்டும் வெட்டி இணைத்தார்கள், கழிக்குள் ஆழம் போதாத இடத்தில் தூர்வாரிப் படகுக்கு ஒரு தடம் எடுத்தார்கள். அதாவது வரைபடத்தில் ஒரே கோடாகத் தெரிவதில் பாதிக்குப் பாதி வெட்டிய கால்வாயே கிடையாது, தண்ணீருக்குள் தண்ணீர். அங்கே கரை என்று ஒன்று இருந்திருந்தாலும் தாழ்வான சேற்றுத் திட்டாகத்தான் இருக்கும். அப்புறம் ஆறுகள். கூவம், அடையாறு, கோவளம் கழிமுகம், பாலாறு என்று ஒவ்வொன்றையும் கால்வாய் நேர்குறுக்காகக் கடக்கிறது. மேலே பாலம் போட்டுக் கடக்கவில்லை, ஆற்றுத் தண்ணீருக்குள்ளேயே இறங்கி மறுபக்கம் ஏறிக்கொள்கிறது. படகுக்கு அது சௌகரியம். நடப்பவனுக்குக் கரை அங்கே முடிந்துபோகும், பக்கத்துச் சாலைப் பாலத்துக்குச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும், சில இடங்களில் அந்தச் சுற்று அன்றைய நடையைவிடப் பெரிது. பாலாற்றில் கோடைக்காலத்தில் மணல்தானே என்று குறுக்கே இறங்கிவிடாதீர்கள். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் மேலே காய்ந்த மணல், கீழே என்ன என்று தெரியாது.

ஆனால் இந்த ஆற்றுச் சந்திப்புகள்தான் உங்களுக்கு வேண்டிய இடங்கள். பலர் கால்வாயின் நடுத்துண்டுகளில் மணிக்கணக்காக நடந்துவிட்டு "வெறும் வாய்க்கால்தான் சார், ஒண்ணும் இல்லை" என்று திரும்பி வருகிறார்கள். நடுத்துண்டில் இருக்காதுதான். அங்கே மண்ணை வெட்டிப் பக்கத்தில் போட்டதோடு வேலை முடிந்துவிட்டது. எங்கே வெட்டியவனுக்குச் சிக்கல் வந்ததோ அங்கேதான் கல்லும் செங்கல்லும் வைத்துக் கட்டியிருப்பான். இங்கே சிக்கல் ஆறுதான். நம் கிழக்குக் கடற்கரை ஆறுகளின் முகத்துவாரங்கள் கோடையில் மணல் மூடிக்கொள்ளும், மழைக்காலத்தில் உடைத்துக்கொண்டு திறக்கும். திறந்திருக்கும்போது கடல் ஏற்றமும் வற்றமும் உள்ளே வரும். சென்னைக் கடலில் அமாவாசை, பௌர்ணமி சமயத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் வித்தியாசம், கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் ஒன்றரை மீட்டர் ஆழமே இருக்கும் கால்வாயில் ஒரு மீட்டர் இறங்கிவிட்டால் பாரம் ஏற்றிய படகு தரை தட்டி நின்றுவிடும். வெள்ளம் வந்தாலோ ஆறு சுமந்துவரும் வண்டல் நேராகக் கால்வாய்க்குள் திரும்பி அடைத்துவிடும். இரண்டையும் தடுக்கத்தான் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று கதவு வைத்த லாக்குகளைக் கட்டினார்கள். படகு உள்ளே வரும், பின்கதவை மூடுவார்கள், தண்ணீர் மட்டத்தை ஆற்றுக்குச் சமமாக்குவார்கள், முன்கதவைத் திறப்பார்கள், அவ்வளவுதான்.

லாக் இருந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கதவு பெரும்பாலும் இருக்காது. மரமாக இருந்தால் இற்றுப்போயிருக்கும், இரும்பாக இருந்தால் எடைக்குப் போயிருக்கும். சுவரைப் பாருங்கள். அகலமான கால்வாய் திடீரென்று ஒரு படகு மட்டும் நுழையும் அளவுக்கு ஒடுங்கி, இரண்டு பக்கமும் செங்குத்தான கட்டுச்சுவர் எதிரெதிரே நின்றால் சந்தேகம் வரலாம். அந்தச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு காடி, அதாவது பள்ளக்கோடு, எதிர்ச் சுவரிலும் அதே நேரில் இருந்தால் அது பலகை இறக்கி அடைத்த இடம். சுவரே உள்வாங்கி, கதவு திறந்து ஒட்டி நிற்பதற்கு மாடம் மாதிரி இடம் விட்டிருந்தால், அந்த மாடத்தின் மூலையில் கதவு சுழன்ற அரைவட்டக் குழியும் தெரிந்தால், சந்தேகமே வேண்டாம், லாக்தான். அப்படி மாடம் இல்லாமல் வெறும் காடி மட்டும் இருந்தால் சாதாரண மதகாகவும் இருக்கலாம், பின்னாளில் உப்பளத்துக்குத் தண்ணீர் விடக் கட்டியதாகவும் இருக்கலாம். ஒரு காடியைப் பார்த்துவிட்டு "19ஆம் நூற்றாண்டு லாக்" என்று படம் போட்டுவிடுகிறார்கள். நானே ஒரு தடவை அப்படி அறிவித்து, அடுத்த மாதம் அதே சுவரின் அடிப்பகுதியில் பிற்காலக் கான்கிரீட்டுக்குரிய முறுக்குக் கம்பி நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

செங்கல்லை வைத்துக் காலம் சொல்வதும் அப்படித்தான். சுண்ணாம்புச் சாந்து என்றால் வெள்ளைக்காரன் காலம், சிமெண்ட் என்றால் நம் காலம் என்று எளிமையாகப் பிரித்துவிட முடியாது. நம் ஊரில் சுண்ணாம்புச் சாந்தில் கட்டுவது 20ஆம் நூற்றாண்டிலும் நெடுநாள் தொடர்ந்தது. மறுபுறம், பழைய சுவரின் மேல் சிமெண்ட் பூசிப் பழுதுபார்த்தும் இருப்பார்கள். நிச்சயமாகச் சொல்லக்கூடியது வரிசை மட்டும்தான்: எது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது, எது எதை உடைத்துக்கொண்டு போகிறது. கீழே இருப்பது முந்தியது. அதற்கு மேல் வருடம் சொல்ல வேண்டுமென்றால் காகிதம் வேண்டும்.

சரி, லாக் இல்லாத இடங்களில் பார்க்க ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, தண்ணீரைப் பார்க்காமல் கரையைப் பார்க்கப் பழகினால். வெட்டிய கால்வாயில் இருபுறமும் ஒரே மாதிரி மேடு ஓடும், வெட்டியெடுத்த மண்ணைக் கொட்டிய மேடு அது. சுற்றிலும் வெளிர் கடற்கரை மணலாக இருக்க, இந்த மேட்டில் மட்டும் சாம்பல் நிறக் களியும் கிளிஞ்சலும் கலந்து கிடந்தால், அது கீழே இருந்ததை மேலே கொண்டுவந்து போட்ட மண். இயற்கையான கழிக்கு இரண்டு கரையும் இப்படிச் சமமாக இருக்காது. ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் தாழ்ந்து உமரிச்செடி படர்ந்த சதுப்பாகவும் போகும். அகலமும் அடிக்கு அடி மாறும். இன்னொரு விஷயம், கால்வாயைச் சமீப வருடங்களில் பல இடங்களில் பொக்லைன் வைத்துத் தூர்வாரியிருக்கிறார்கள், அந்த மண்ணும் கரையில்தான் கிடக்கிறது. புதிய மேட்டையும் பழைய மேட்டையும் பிரிக்க எனக்குத் தெரிந்த மிக எளிய வழி, குச்சியால் கொஞ்சம் கிளறிப் பார்ப்பது. பிளாஸ்டிக் உறை வந்தால் அது பொக்லைன் மேடு. இதுவரை என்னை ஏமாற்றாத ஒரே சோதனை இதுதான்.

பழைய மேட்டின் உச்சி சில இடங்களில் சமமாக, ஒரு மனிதன் தாராளமாக நடக்கும் அகலத்துக்கு இருக்கும். காற்று சாதகமாக இருந்தால் படகில் பாய் விரிப்பார்கள், இல்லாவிட்டால் கோல் ஊன்றுவார்கள், அதுவும் முடியாவிட்டால் ஆட்கள் கரையில் ஏறிக் கயிறு கட்டி இழுத்துப் போவார்கள். அந்தக் கால்கள் நடந்த இடம் இது. உப்பு, சவுக்கு விறகு, நெல் எல்லாம் இப்படித்தான் சென்னைக்கு வந்து சேர்ந்தன. நகரத்தின் அடுப்பு எரிந்ததே இந்தக் கால்வாய் வழியாக வந்த சவுக்கால்தான் என்று சொன்னால் கொஞ்சம் மிகை, ஆனால் ரொம்ப மிகை இல்லை.

ஊர்ப் பெரியவர்களிடம் பேசுங்கள், ஆனால் எதைக் கேட்பது என்று தெரிந்து கேளுங்கள். கோவளத்துக்குத் தெற்கே ஒரு நாள் தனியாக நடந்துகொண்டிருந்தேன், வற்ற நேரம், எதிர்க்கரையில் ஒரு செங்கல் திட்டு தெரிந்தது. முழங்கால் தண்ணீர்தானே என்று இறங்கினேன். இரண்டாவது அடியில் தொடை வரை போய்விட்டது, இழுத்தால் மற்ற கால் போகிறது. தூரத்தில் வலை காய வைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சத்தம் போட்டார்: "தம்பி, நிக்காதீங்க, அப்படியே பின்பக்கமா சாஞ்சிடுங்க, அது உளை!" சாய்ந்தேன், மிதந்தமாதிரி ஆனதும் கால் வெளியே வந்தது, ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. கரையேறியதும் "அந்தச் செங்கல்லு எதுக்குத் தம்பி உங்களுக்கு?" என்று சிரித்துவிட்டு, அவருடைய அப்பா விறகுப் படகில் கூலிக்குப் போனதைப் பற்றி ஒரு மணிநேரம் பேசினார். எங்கே இரவு தங்குவார்கள், எந்தத் திருப்பத்தில் காற்று அடிக்காது, யார் சமைப்பார்கள் என்பதெல்லாம். இந்த மாதிரித் தொழில் விவரங்களை நான் அப்படியே நம்புகிறேன், இட்டுக்கட்டிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத விஷயங்கள் அவை. ஆனால் அதே வாயால் "இங்கேருந்து கோட்டைக்குச் சுரங்கம் இருக்கு" என்று சொல்வார்கள், எல்லா ஊரிலும் சொல்வார்கள், அதைக் குறித்துக்கொள்ள வேண்டாம். வருடங்களையும் அப்படித்தான். "பெரிய புயல்" என்று அவர் சொன்னது எந்தப் புயல் என்று நான் கேட்கவில்லை. 1965, 1966 இரண்டு வருடங்களிலும் அடித்த புயல்கள் கால்வாயை மோசமாகக் கெடுத்தன என்பது பதிவில் உள்ளது, ஆனால் அவர் நினைவில் இருந்தது அதுதான் என்று நான் முடிவு கட்ட முடியாது.

அந்தப் புயல்களால்தான் கால்வாய் செத்தது என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அது அரை உண்மையாகத்தான் படுகிறது. ரயில் வந்தபோதே நெடுந்தூரச் சரக்கு போக ஆரம்பித்துவிட்டது, லாரி வந்தபோது கிட்டத்துச் சரக்கும் போனது. போக்குவரத்து குறைந்தால் வருமானம் குறையும், வருமானம் குறைந்தால் தூர்வார மாட்டார்கள், தூர்வாராவிட்டால் படகு வராது. இப்படிச் சுருங்கிக்கொண்டிருந்ததைப் புயல் வந்து அடித்தது, திரும்பக் கட்ட யாருக்கும் காரணம் இல்லாமல் போனது. 2008இல் இதைத் தேசிய நீர்வழி 4இன் பகுதியாக அறிவித்தார்கள். ஆனால் சென்னைக்குள் சரக்குப் படகு எப்படி நுழையும் என்று கேட்டால், கால்வாய்க்குள்ளேயே நிற்கும் பறக்கும் ரயிலின் தூண்கள்தான் பதில்.

அதனாலேயே சென்னைப் பகுதிக்கு நான் சொல்லும் முதல் யோசனை நடக்காதீர்கள் என்பதுதான். பறக்கும் ரயிலில் ஏறுங்கள். திருவல்லிக்கேணி தாண்டியதிலிருந்து திருவான்மியூர் வரை அந்தப் பாதை கால்வாயை ஒட்டியும் அதற்கு மேலேயுமாகவே போகிறது. கதவோரம் நிற்காமல் ஜன்னலில் உட்கார்ந்து ஒரு தடவை போய், எதிர்ப்பக்கம் உட்கார்ந்து திரும்பி வாருங்கள். பஞ்சத்தில் வெட்டிய அந்த 8 கிலோமீட்டரின் பெரும்பகுதியை உயரத்திலிருந்து பார்த்துவிடுவீர்கள், எங்கே ஒடுங்குகிறது, எங்கே தூண் நடுவில் இறங்கியிருக்கிறது, எங்கே வீடுகள் கரையில் ஏறியிருக்கின்றன என்று. கீழே நடந்தால் சுவரும் சாக்கடை நாற்றமும்தான் கிடைக்கும். இன்னும் ஒன்று, அங்கே கரையில் குடியிருப்பவர்களுக்கு அது வீட்டு வாசல். கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால் அளக்க வந்த ஆள், இடிக்க வந்த ஆள் என்றுதான் நினைப்பார்கள், அப்படி நினைக்க அவர்களுக்குக் காரணமும் உண்டு.

நகரத்தில் செங்கல்லைவிடப் பெயர்கள்தான் நன்றாக மிஞ்சியிருக்கின்றன. பேசின் பிரிட்ஜ் என்று தினமும் சொல்கிறோம், அந்த பேசின் படகுகள் நிற்க வெட்டிய குளம். பக்கத்திலேயே சால்ட் கொட்டார்ஸ், கொட்டாரம் என்றால் கிடங்கு, கால்வாயில் வந்த உப்பைக் குவித்து வைத்த இடம், பிறகு ரயில் சரக்கு முனையமாகிவிட்டது. சேப்பாக்கம் பக்கம் லாக் நகர் என்றே ஒரு பகுதி இருக்கிறது, கூவத்தோடு கால்வாய் சேரும் இடத்துக்கு அருகில். தெற்கே வந்தால் கெனால் பேங்க் ரோடு. இந்தப் பெயர்களை வரைபடத்தில் புள்ளி வைத்து இணைத்தாலே பாதிக் கால்வாய் கிடைத்துவிடும்.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வீட்டுவேலை: நீங்கள் நடக்கப்போகும் கிராமத்தின் வரைபடத்தைப் பாருங்கள். சர்வே எண் தெரிந்தால் புல வரைபடத்தை அரசின் இணையச் சேவையிலேயே எடுக்கலாம். கால்வாயும் அதன் இரு கரைகளும் புறம்போக்காகத் தனி எண்ணில் இருக்கும். தண்ணீர் ஒடுங்கிப்போயிருக்கும், கரை காணாமல் போயிருக்கும், ஆனால் காகிதத்தில் அந்த அகலம் அப்படியே இருக்கும். அதைச் செயற்கைக்கோள் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தண்ணீருக்கு ஐம்பது அடி தள்ளி ஒரு தென்னந்தோப்பு நடுவில் நீளமான மேடு ஓடினால், அதுதான் பழைய கரை என்று அப்போதுதான் விளங்கும். ஒரு எச்சரிக்கை, வரைபடத்தில் புறம்போக்கு என்று இருப்பதால் அங்கே உள்ளவரிடம் போய்ச் சட்டம் பேசலாம் என்று அர்த்தம் இல்லை. அது உங்கள் வேலையும் இல்லை.

எங்கே நடப்பது என்றால், தெற்கில் மூன்று துண்டுகளைச் சொல்வேன். முட்டுக்காட்டில் தொடங்குங்கள். சுற்றுலாப் படகு விடும் அந்த நீர்ப்பரப்பில்தான் கால்வாய் கோவளம் கழிமுகத்தைச் சந்திக்கிறது, அன்றைய படகுகள் குறுக்கே போன அதே தண்ணீரில் இன்று துடுப்புப் போடுகிறார்கள். அங்கிருந்து தெற்கே உப்பளங்களை ஒட்டி வரும் பகுதி திறந்த வெளி, கரை நன்றாகத் தெரியும், நிழல் மட்டும் கேட்காதீர்கள். அடுத்தது மாமல்லபுரம். ஊருக்கு மேற்கே திருக்கழுக்குன்றம் சாலைப் பாலத்தில் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள், முடிந்தால் முதலில் கலங்கரை விளக்கத்தின் மேலேறி மேற்கே பாருங்கள், கோடு எவ்வளவு நேராக ஓடுகிறது என்று அங்கிருந்து தெரிவதுபோல் வேறெங்கும் தெரியாது. அதற்குத் தெற்கே கல்பாக்கம் பக்கம் கால்வாய் அணுமின் நிலையப் பகுதியை ஒட்டிப் போகிறது, அதை விட்டுவிடுங்கள், கேமரா, ட்ரோன் எதுவும் வேண்டவே வேண்டாம். மூன்றாவது, கடப்பாக்கத்திலிருந்து மரக்காணம் நோக்கி. ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகள், பெரிய கழிவெளி, உப்பளங்கள் எல்லாம் ஒரே நாளில் கிடைக்கும். இங்கே கால்வாய் எங்கே முடிகிறது, கழி எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கஷ்டம், மூன்று தடவை போயும் எனக்கே சில இடங்களில் உறுதியில்லை. எண்ணூருக்கு வடக்கே போகும் பகுதியை நடைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். சாம்பல், துறைமுகம், அனல்மின் நிலையம் என்று ஒன்றை அடுத்து ஒன்று, போதாததற்கு 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவு வேறு இந்தக் கால்வாய் வழியாகத்தான் எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்து சேர்ந்தது.

ஜனவரி, பிப்ரவரிதான் நடப்பதற்கு நல்ல மாதங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய நாளாகப் பார்த்து, வற்ற நேரத்தில் லாக் இருந்த இடத்தில் நிற்கும்படி திட்டமிடுங்கள், மற்ற நேரத்தில் தண்ணீருக்குள் மறைந்திருக்கும் அடிச்சுவர் அப்போது வெளியே வரும். முகத்துவாரம் மூடியிருந்தால் இந்தக் கணக்கு பலிக்காது, முந்தின நாள் மீனவர்கள் யாரையாவது கேட்டுவிடுங்கள். செருப்பில் போகாதீர்கள், சீமைக்கருவேல முள் ரப்பரைத் துளைத்துக் காலுக்குள் போகும், தடித்த அடிப்பாகமுள்ள பூட்ஸ் வேண்டும். கையில் ஆளுயரக் கம்பு, புதருக்குள் தட்டிக்கொண்டே போவதற்கும் சேற்றை ஆழம் பார்ப்பதற்கும். விரியன்கள் இருக்கும் இடம், அலட்சியம் வேண்டாம். காலில் வெட்டுக்காயம் இருந்தால் அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள், எலிக்காய்ச்சல் வரும். நனைந்து வந்த பத்துப் பதினைந்து நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் மருத்துவரிடம் எங்கே போய் வந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இறால் பண்ணைகளின் வேலியைத் தாண்டாதீர்கள், தண்ணீரைக் கலக்கும் மோட்டார்களுக்கு மின்கம்பி எங்கே கிடக்கிறது என்று வெளியாளுக்குத் தெரியாது. தனியாகப் போகாதீர்கள் என்பதை நான் சொல்லலாமா என்று தெரியவில்லை, செருப்புக் கதையைப் படித்தீர்கள் அல்லவா.

ஒரு வாரம் கையில் இருக்கிறது என்றால், முதல் நாள் ரயில், அப்புறம் மேலே சொன்ன மூன்று துண்டுகளுக்கும் ஒவ்வொரு நாள், மீதி நாட்களை நடுநடுவே ஓய்வுக்கு விட்டுவிடுங்கள், பேருந்து பிடித்து இடம் மாறவே நேரம் வேண்டும். பழவேற்காட்டைத் தாண்டிய ஆந்திரப் பகுதியில் நான் நடந்ததில்லை, படத்தில் பார்த்ததோடு சரி. கிருஷ்ணபட்டணம் பக்கமோ பெத்தகஞ்சாம் பக்கமோ நடந்தவர்கள் இதைப் படித்தால் கீழே எழுதுங்கள், அங்கே லாக்குச் சுவர்களில் மாடம் மிஞ்சியிருக்கிறதா, வெறும் காடிதானா என்று எனக்கே தெரிந்துகொள்ள வேண்டும்.